பாவம் பார்த்து லேசான கணக்கைக் கொடுக்காதீர்கள்

வணக்கம், எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? அமெரிக்காவில் கறுப்பின, லத்தீனோ மாணவர்கள் பலர் சயின்ஸ், இன்ஜினியரிங் என்று ஆசையாகச் சேர்ந்துவிட்டுக் கொஞ்ச நாளில் வேறு படிப்புக்கு மாறிவிடுகிறார்கள். இது ரொம்ப நாளாக இருக்கிற பிரச்சினை. நிறைய பேர் சறுக்குகிற இடம் முதல் வருஷ கால்குலஸ். நான் இங்கே ஒரு யூனிவர்சிட்டியில் அதே பாடத்துக்கு டி.ஏ. (பேராசிரியருக்கு உதவியாகப் பாடம் எடுப்பவர்), அதனால் எனக்கு இதில் சொல்ல நிறைய இருக்கிறது.

1970களில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி யூனிவர்சிட்டியில் ஆராய்ச்சி மாணவராக இருந்த யூரி ட்ரைஸ்மன் இதைக் கையில் எடுத்தார். பேராசிரியர்களைக் கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ஆர்வம் போதாது, பள்ளிக்கூட அடித்தளம் சரியில்லை, வீட்டில் வசதி இல்லை, ஊக்கம் இல்லை. அவர் 20 கறுப்பின மாணவர்களையும் 20 சீன வம்சாவளி மாணவர்களையும் எடுத்துக்கொண்டு, அவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று கூடவே இருந்து பார்த்தார். சொன்ன காரணம் ஒன்றுகூட நிற்கவில்லை. கறுப்பின மாணவர்கள் வாரம் சுமார் 8 மணி நேரம் ஒழுங்காகப் படித்தார்கள், ஆனால் தனியாக. சீன மாணவர்கள் தனியாகப் போட்டுப் பார்த்த பிறகு ஒன்றாக உட்கார்ந்து விடைகளை ஒப்பிட்டு, ஒருவர் தப்பை இன்னொருவர் பிடித்தார்கள். மொத்தம் சுமார் 14 மணி நேரம். நாலு பேருக்கும் வரவில்லை என்றால் கணக்கே கடினம் என்று புரிந்துவிடும். தனியாக இருப்பவன் தனக்குத்தான் மண்டையில் ஏறவில்லை என்று நினைத்துக்கொள்வான்.

அப்புறம் அவர் ஆரம்பித்த பயிற்சி வகுப்பைப் பாருங்கள். 'பின்தங்கியவர்களுக்கு' என்று போர்டு மாட்டவில்லை. கெட்டிக்காரர்களுக்கான வகுப்பு என்று சொல்லித்தான் கூப்பிட்டார், வழக்கத்தைவிடக் கடினமான கணக்குகளைக் கொடுத்துக் குழுவாக உட்கார வைத்தார்.

அந்த மாதிரிக் கணக்கு எப்படி இருக்கும்? நான் கொடுக்கிற ஒன்றைச் சொல்கிறேன். y = x² என்ற பரவளையத்துக்கு (1, −3) என்ற புள்ளி வழியாகத் தொடுகோடு வரையுங்கள். பாதிப் பேர் உடனே x = 1 என்று போட்டுச் சாய்வு 2 என்று எழுதிவிடுவார்கள். பக்கத்தில் இருப்பவர், "டேய், அந்தப் புள்ளி வளைவு மேலேயே இல்லையே" என்பார். அங்கேதான் கணக்கு ஆரம்பிக்கிறது. தொடுகிற இடத்தை a என்று வைத்தால் a² − 2a − 3 = 0, ஆக a = 3 அல்லது −1, இரண்டு கோடுகள். அது முடிந்ததும் எந்தப் புள்ளியிலிருந்து ஒரு கோடுகூட வரையவே முடியாது என்று கேட்பேன். கால் மணி நேரம் சத்தம் அடங்காது. நான் வாயைத் திறக்காமல் இருப்பதுதான் பெரிய வேலை!

சரி, இதைப் பெரிய அளவில் செய்த இடம் மேரிலாண்டில் உள்ள யூ.எம்.பி.சி. என்ற யூனிவர்சிட்டி. அங்கே நிர்வாகத்தில் இருந்த ஃப்ரீமன் ஹ்ரபௌஸ்கி என்பவர், ராபர்ட் மேயர்ஹாஃப் தம்பதியின் நன்கொடையோடு 1988இல் மேயர்ஹாஃப் திட்டத்தைத் தொடங்கினார். முதலில் கறுப்பின ஆண்களுக்கு மட்டும், அடுத்து பெண்களுக்கும், 1996இலிருந்து எல்லோருக்கும். ஸ்காலர்ஷிப் உண்டு, ஆனால் என் பார்வையில் பணம் அதில் சின்னப் பங்குதான். காலேஜ் திறப்பதற்கு முன்னாலேயே கோடையில் ஒன்றாகத் தங்கிப் படிப்பார்கள், சேர்ந்த பிறகும் குழுப் படிப்பு, சீக்கிரமே ஆய்வுக்கூட வேலை. முக்கியமான பாடத்தில் 'சி' கிரேடு வாங்கினால், 'பாஸ்தானே' என்று விடாமல் திரும்ப எடுக்கச் சொல்வார்கள். கேட்கக் கொடுமையாக இருக்கும். ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு சியோடு அடுத்த பாடத்துக்குப் போகிறவர்கள் அங்கே இன்னும் மோசமாகத் திணறுவதை நானே பார்க்கிறேன். கோவிட் தடுப்பூசி ஆராய்ச்சியில் பேர் அடிபட்டதே, கிஸ்மெக்கியா கார்பெட், அவர் இந்தத் திட்டத்தில் படித்தவர்.

இங்கே படிக்க வருகிற தம்பி, தங்கைகள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், உங்கள் காலேஜில் 'எமர்ஜிங் ஸ்காலர்ஸ்' மாதிரி, ட்ரைஸ்மன் பாணியில் குழுவாக நடக்கிற கால்குலஸ் வகுப்பு இருக்கிறதா என்று விசாரியுங்கள். டெக்சாஸ் ஆஸ்டினில் 1988இலேயே அந்தப் பேரில் வந்துவிட்டது. சேர்வதற்கு முன்னால் அவர்கள் கொடுக்கிற கணக்குத்தாளை ஒரு தடவை வாங்கிப் பாருங்கள். உங்கள் புத்தகத்துக் கணக்கையே திரும்ப அச்சடித்து வைத்திருந்தால், வேறு குழு தேடுங்கள்.