தலை அறுத்த கோழி ஏன் ஓடுகிறது?

[திரை கறுப்பு. குரல் மட்டும்.]

ஞாயிற்றுக்கிழமை கறிக்கடை வாசலில் நின்றவர்கள் இதைப் பார்த்திருப்பீர்கள். கோழியை அறுத்து டிரம்முக்குள் போடுவார்கள், தலை தனியாகக் கிடக்கும், ஆனால் உள்ளே கால்கள் தடதடவென்று ஓடிக்கொண்டிருக்கும். சின்ன வயதில் எனக்கு அது பயம். கடைக்காரர், "ஒண்ணுமில்ல, நரம்பு துள்ளுது" என்பார். அவர் சொன்னது பாதி சரி. கொஞ்சம் கவனித்தால் அது கண்டபடி துள்ளுவதில்லை என்று தெரியும். இடது, வலது, இடது, வலது என்று ஒரு தாளம் இருக்கும்.

தலையே இல்லாத உடம்புக்குத் தாளம் எங்கிருந்து வருகிறது? தண்டுவடக் காயம் பற்றிய ஆராய்ச்சியில் கடந்த இருபது வருடங்களில் நடந்த பெரிய திருப்பம் இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

[திரையில்: முதுகெலும்பின் படம், நடுவே மஞ்சளாகத் தண்டுவடம்.]

அதற்கு முன்னால் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். நம் ஊரில் எல்லாமே "வாதம்"தான். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்தோ வெடித்தோ ஒரு பக்கம் விழுந்தால் அது பக்கவாதம். போலியோ வந்தால் இளம்பிள்ளை வாதம். மூட்டு வீங்கி வலிக்கும் முடக்குவாதத்துக்கும் இவை இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. நான் இன்று பேசப்போவது தண்டுவடத்தில் அடிபட்டு அதற்குக் கீழே கை கால் செயலிழப்பது பற்றி மட்டும்.

தண்டுவடம் என்பது கிட்டத்தட்ட உங்கள் சுண்டுவிரல் தடிமன்தான். முதுகெலும்புக்குள் பத்திரமாக ஓடி, இடுப்புக்குச் சற்று மேலேயே முடிந்துவிடும். அடிபடும்போது அது கயிறு மாதிரி அறுந்துவிடும் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. எலும்பு நகர்ந்து அதை நசுக்குகிறது. நசுங்கிய இடத்தில் ரத்தம் கசியும், வீங்கும், ஆக்சிஜன் குறையும், செத்த செல்களிலிருந்து வழியும் ரசாயனம் பக்கத்துச் செல்களையும் கொல்லும். முதல் அடி ஒரு நொடிதான். இந்த இரண்டாவது அடி மணிக்கணக்கில், நாள்கணக்கில் தொடரும். பல பேருக்குக் காயத்தின் ஓரமாகக் கொஞ்சம் நரம்பிழைகள் பிழைத்துக் கிடக்கும். இந்த ஓர இழைகளை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தெருவில் ஒரு அண்ணன் இருக்கிறார். தென்னை ஏறுபவர், மட்டையோடு சேர்ந்து விழுந்தார். சாலை விபத்தும் இப்படி மரம், மாடி, கிணறு என்று உயரத்திலிருந்து விழுவதும்தான் இந்தியாவில் இந்தக் காயத்துக்கு முக்கியக் காரணங்கள். விழுந்தவரை நாலு பேர் ஓடிப்போய்க் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி, ஆட்டோவுக்குள் மடக்கி உட்காரவைத்துக் கொண்டுபோனார்கள். பாசத்தில் செய்ததுதான், யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் உடைந்த எலும்பு உள்ளே இருக்கும்போது முதுகை மடக்கினால் மிச்சமிருப்பதும் நசுங்கலாம். 108-ஐக் கூப்பிட்டுவிட்டு, அங்கேயே பெரிய ஆபத்து எதுவும் இல்லையென்றால் ஆளை அசைக்காமல், ஒருவர் தலையைப் பிடித்தபடி காத்திருக்க வேண்டும். திருப்பியே ஆக வேண்டுமென்றால் தலை, தோள், இடுப்பு மூன்றும் ஒரே மரக்கட்டை போலச் சேர்ந்து திரும்ப வேண்டும்.

சரி, வைத்தியத்துக்கு வருவோம்.

சுமார் 3,600 வருடப் பழைய எகிப்தியச் சுவடி ஒன்றில், கழுத்தெலும்பு நகர்ந்து கை கால் உணர்வு போனவரைப் பற்றி எழுதியிருக்கிறது. முடிவில் ஒரே வரி: இது வைத்தியம் செய்யும் நோய் அல்ல. 20-ம் நூற்றாண்டில் பாதிவரை இந்த வரி கிட்டத்தட்ட அப்படியே நின்றது. நரம்பியலின் தந்தை என்று சொல்லப்படும் ஸ்பெயின் விஞ்ஞானி கஹாலும், மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்பு செத்தால் செத்ததுதான், திரும்ப முளைக்காது என்று எழுதிவைத்தார்.

ஆனால் அந்தக் காலத்தில் அடிபட்டவர்களைக் கொன்றது தண்டுவடம் இல்லை, படுக்கைப்புண்ணும் மூத்திரத் தொற்றும். இரண்டும் புரையோடி ரத்தத்தில் கலந்து, சில மாதங்களில் ஆள் போய்விடுவார். நாஜிகளிடமிருந்து தப்பி இங்கிலாந்துக்கு வந்த லுட்விக் குட்மன் என்ற யூத மருத்துவர் 1944-ல் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் போர்வீரர்களுக்கான தண்டுவடப் பிரிவைத் தொடங்கியபோது செய்த முதல் காரியம், பகலோ இரவோ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவரையும் புரட்டிப் படுக்கவைத்தது. இப்படிப்பட்ட கவனிப்பில் மனிதர்கள் பிழைத்தார்கள். பிழைத்தவர்களைச் சும்மா விடவில்லை மனுஷன், 1948-ல் 16 பேரை வைத்து வில்வித்தைப் போட்டி நடத்தினார். இன்றைய பாராலிம்பிக்ஸ் அங்கிருந்து வந்ததுதான்.

[திரையில்: வேலூர், பாகாயம்.]

நம் பக்கத்திலும் ஒரு கதை உண்டு, இது இன்னும் பெரிதாகப் பேசப்பட வேண்டும் என்பது என் ஆதங்கம். 1954 ஜனவரியில் வேலூர் சி.எம்.சி.யின் இளம் மருத்துவர்கள் சென்ற வண்டி கவிழ்ந்தது. அதில் இருந்த மேரி வர்கீஸ் என்ற மருத்துவருக்கு இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்று நினைத்திருந்தவர், தொழுநோய் அறுவை மருத்துவர் பால் பிராண்டிடம் பயிற்சி பெற்று, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களுக்கு அறுவை சிகிச்சை செய்ய ஆரம்பித்தார். அப்புறம் நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி அந்தத் துறைக்கே தலைவரானார். 1966-ல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் திறந்தது. எழுந்து உட்கார, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற, சமைக்க, தொழில் செய்ய அங்கே கற்றுக்கொடுத்தார்கள்.

இதெல்லாம் காயத்தோடு வாழும் வழி. காயத்தையே சரிசெய்ய முடியாதா?

நரம்பு முளைக்காது என்ற பேச்சை முதலில் அசைத்தவர் கனடாவின் மான்ட்ரியாலில் இருந்த விஞ்ஞானி ஆல்பர்ட் அகுவாயோ. காலிலிருந்து ஒரு நரம்புத் துண்டை எடுத்து எலியின் தண்டுவடத்தோடு ஒட்டினார், 1981-ல் முடிவு வந்தது, உள்ளிருந்த நரம்பிழைகள் அந்தத் துண்டுக்குள் சென்டிமீட்டர் கணக்கில் வளர்ந்திருந்தன. அதாவது இழைக்கு வளரும் சக்தி இருக்கிறது, சுற்றியிருக்கும் இடம்தான் வளர விடுவதில்லை. ஜூரிச்சின் மார்ட்டின் ஷ்வாப் அந்தத் தடைக்காரனைத் தேடிப்போய், நரம்பின் மேலுறையிலேயே ஒரு புரதத்தைக் கண்டுபிடித்தார், அதற்கு நோகோ என்று பெயர் வந்தது. இந்த வழியில் இன்னும் ஆராய்ச்சி நடக்கிறது. எலியில் கிடைத்த அளவு பலன் மனிதனில் கிடைக்கவில்லை என்பதுதான் நிலவரம்.

மருந்திலும் ஒரு பாடம் உண்டு. 1990-ல் ஒரு அமெரிக்க ஆய்வு, அடிபட்ட 8 மணி நேரத்துக்குள் வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு மருந்தை அதிக அளவு கொடுத்தால் பலன் உண்டு என்றது. உலகமே போட ஆரம்பித்தது. திரும்பத் திரும்பப் பார்த்ததில் பலன் தேய்ந்துகொண்டே வந்தது, தொற்றும் ரத்தக்கசிவும் கூடின, 2013-ல் அமெரிக்க நரம்பு அறுவை மருத்துவர்களே வேண்டாம் என்று எழுதிவிட்டார்கள். எலும்பின் அழுத்தத்தைச் சீக்கிரம், முடிந்தால் 24 மணி நேரத்துக்குள், அறுவை செய்து எடுத்துவிடுவதற்குத்தான் இன்று மதிப்பு.

இப்போது கோழிக்குத் திரும்புவோம்.

[திரையில்: டிரெட்மில்லில் நடக்கும் பூனை, கோட்டோவியம்.]

1911-ல் கிரகாம் பிரவுன் என்பவர், மூளையோடு தொடர்பு துண்டிக்கப்பட்ட பூனையின் தண்டுவடமே நடைத்தாளத்தை உண்டாக்குகிறது என்று காட்டினார். பிறகு வந்தவர்கள் அப்படிப்பட்ட பூனைகளை ஓடும் பட்டைமேல் நிறுத்தினார்கள், நடந்தன. எந்தத் தசை எப்போது இறுக வேண்டும், எது தளர வேண்டும் என்ற கணக்கெல்லாம் இடுப்புப் பகுதித் தண்டுவடத்திலேயே எழுதியிருக்கிறது. மூளை, "நட" என்று மட்டும் சொன்னால் போதும். அலுவலகத்தில் மேனேஜர் ஒரு வார்த்தை சொல்வார், வேலை முழுக்கக் கீழே இருப்பவர்கள் பார்ப்பார்கள் அல்லவா, அந்த மாதிரி.

அப்படியானால் நெஞ்சளவில் அடிபட்டவருக்கு, இடுப்புப் பகுதி இன்னும் உயிரோடு, வேலை தெரிந்து, உத்தரவு வராமல் சும்மா உட்கார்ந்திருக்கிறது.

ராப் சம்மர்ஸ் என்ற அமெரிக்க பேஸ்பால் வீரரை 2006-ல் ஒரு கார் இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. கால்களில் உணர்வு கொஞ்சம் இருந்தது, அசைவு சுத்தமாக இல்லை. 2009 டிசம்பரில் அமெரிக்காவின் லூயிவில் நகரில் ஆராய்ச்சியாளர் சூசன் ஹார்கெமாவின் குழு அவர் தண்டுவடத்தின் மேலுறைமீது 16 மின்முனைகள் கொண்ட பட்டையை வைத்தது. புதுக் கருவிகூட இல்லை, முதுகுவலிக்காரர்களுக்கு வலி தெரியாமலிருக்கப் பொருத்தும் அதே சாமான். லேசான மின்சாரம் கொடுத்ததும், பக்கத்தில் ஆள் பிடிக்க, தன் முழு எடையையும் தன் காலிலேயே தாங்கி நின்றார், 4 நிமிடத்துக்கு மேல். இதை அவர்கள் எதிர்பார்த்தார்கள், பூனையில் பார்த்ததுதானே.

எதிர்பார்க்காதது பிறகு நடந்தது. சில மாதப் பயிற்சிக்குப் பின், மின்சாரம் ஓடும்போது சம்மர்ஸ் தன் கால் கட்டைவிரலைத் தானாக ஆட்டினார். ஆட்டு என்றால் ஆட்டினார், நிறுத்து என்றால் நிறுத்தினார். மூளையிலிருந்து செய்தி போகிறது! எந்த வழியாக? அந்த ஓர இழைகள். ஸ்கேனிலும் பரிசோதனையிலும் ஒன்றுமில்லை என்று எழுதப்பட்டவரிடமும் சில இழைகள் பிழைத்திருந்து, மெல்லிய குரலில் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கின்றன, கீழே இருப்பவர் தூக்கத்தில் இருந்ததால் கேட்கவில்லை. மின்சாரம் தசையை இழுப்பதில்லை, தூங்குபவரைத் தட்டி எழுப்புகிறது, அவ்வளவே. 2014-ல் அதே குழு நாலு பேரின் முடிவை வெளியிட்டது, நாலு பேருமே காலை அசைத்தார்கள், அதில் இரண்டு பேருக்கு உணர்வுகூட இல்லாதிருந்தது.

சுவிட்சர்லாந்தின் லோசானில் நரம்பு விஞ்ஞானி கிரெகுவார் கூர்டீனும் அறுவை மருத்துவர் ஜோஸ்லின் பிளாக்கும் மின்சாரத்தைத் தொடர்ந்து விடாமல், எந்தக் காலை எப்போது தூக்க வேண்டுமோ அப்போது மட்டும் விட்டுப் பார்த்தார்கள். 2023-ல் இன்னொரு படி: கெர்ட்-யான் ஓஸ்காம் என்ற நெதர்லாந்துக்காரரின் மூளைமேல் இரண்டு கருவிகள் வைத்து, அவர் நடக்க நினைப்பதைப் படித்து, நேராக முதுகுக் கருவிக்கு அனுப்பினார்கள். ஒருநாள் வீட்டில் பெயின்ட் அடிக்க ஆள் கிடைக்கவில்லையாம், வாக்கரைப் பிடித்து நின்றபடி தானே அடித்துவிட்டார். எனக்குப் படிக்கட்டு ஏறும் வீடியோவைவிட இந்தப் பெயின்ட்தான் பிடித்திருக்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. இந்த வீடியோக்களைக் காட்டியே "ஸ்டெம்செல் ஊசி, சில லட்சம், நடந்துவிடுவார்" என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். ஸ்டெம்செல் என்றால் வேறு வகைச் செல்களாக மாறி வளரக்கூடிய செல். அப்படிப்பட்ட செல்லை நம்பி, மூக்குச் சவ்விலிருந்து எடுத்த திசுவைத் தண்டுவடத்தில் வைத்துக்கொண்ட ஒரு பெண்ணுக்கு எட்டு வருடம் கழித்து அந்த இடத்தில் கட்டி வளர்ந்தது. திறந்து பார்த்தால், மூக்கில் சுரக்கும் சளி மாதிரியே உள்ளே சுரந்துகொண்டிருந்தது. இந்தியாவின் 2017 வழிகாட்டு நெறிகளின்படி, ரத்த நோய்களுக்கான எலும்பு மஜ்ஜை மாற்று போன்றவை தவிர மற்ற ஸ்டெம்செல் சிகிச்சையை ஆய்வாக மட்டுமே செய்யலாம், ஆய்வுக்கு நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. காசு கேட்டால் கிளம்பிவிடுங்கள்.

[திரையில்: வீட்டுத் திண்ணை.]

இவ்வளவையும் படித்த உற்சாகத்தில் போன மாதம் எங்கள் தெரு அண்ணனிடம் ஓஸ்காம் நடக்கும் வீடியோவைக் காட்டினேன். முழுதாகப் பார்த்தார். "காலு கெடக்கட்டும் தம்பி, மூத்திரத்துக்கு ஏதாச்சும் கண்டுபிடிச்சிருக்கானா?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஆனால் அவர் கேட்டதுதான் சரியான கேள்வி. 2004-ல் கிம் ஆண்டர்சன் என்ற ஆய்வாளர், அவருக்குமே தண்டுவடக் காயம் உண்டு, தன்னைப் போன்ற 681 பேரிடம் எது முதலில் திரும்ப வேண்டும் என்று கேட்டார். கழுத்தில் அடிபட்டவர்கள் கை என்றார்கள், இடுப்புக்குக் கீழே போனவர்கள் தாம்பத்திய உறவு என்றார்கள். மலம், மூத்திரக் கட்டுப்பாட்டையும் இரண்டு கூட்டமும் பட்டியலில் மேலே வைத்தது. அதனால்தான் ஆராய்ச்சியும் இப்போது அந்தப் பக்கம் கொஞ்சம் திரும்பியிருக்கிறது. அறுவை இல்லாமல் கழுத்துத் தோலின்மேலேயே ஒட்டி, கைக்குப் பலம் தரும் ஒரு மின்கருவிக்கு 2024 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

அண்ணனுக்கு வருடக்கணக்காக டியூபும் பையும் மாட்டியே இருந்தது, மாதம் தவறாமல் காய்ச்சல். அவர் கேட்டதற்குப் பதில் 1972-லேயே வந்துவிட்டது. ஜாக் லாபிடஸ் என்ற சிறுநீரியல் மருத்துவர், உடம்புக்குள் இருக்கும் மூத்திரப்பை நிரம்பி விம்முவதுதான் தொற்றுக்கு முக்கியக் காரணம், நேரத்துக்குக் காலி செய்துவிட்டால் கிருமியே இல்லாத கருவி தேவையில்லை, சோப்பு போட்டுக் கழுவிய கையும் சுத்தமான குழாயும் போதும் என்று காட்டினார். நாலு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை தானே குழாயை விட்டு, காலி செய்து, எடுத்துவிடுவது. எல்லாருக்கும் ஒத்துவராது, மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும், நர்ஸிடம் முறையாகக் கற்றுக்கொள்ள வேண்டும். அண்ணன் கற்றுக்கொண்டு வந்து மூன்று வாரம் ஆகிறது. பை கழன்றதும் முதலில் செய்த வேலை, பழைய லுங்கியைத் தூக்கிப்போட்டுவிட்டுப் பேன்ட் மாட்டிக்கொண்டு டீக்கடைக்கு வந்தது.