ஒரே இடி: தென்னை, மாடு, மோட்டார்

[காட்சி: நடுவுல வெடிச்ச தென்னை, சுத்தி வாடி நிக்கிற மரங்கள்]

தமிழ்நாட்டுல இடி அதிகமா விழறது கோடை மழையிலயும், ஐப்பசி மழை பிடிக்கிற நேரத்துலயும்தான். மறுநாள் தோப்புக்குப் போனா சேதம் கன்னாபின்னான்னு தெரியும். இங்க ஒரு தென்னை, கொஞ்சம் தள்ளி ரெண்டு மாடு, கிணத்து மேட்டுல மோட்டார். மூணும் ஒரே இடியோட வேலையா இருக்கலாம்.

மேகத்துலேர்ந்து மின்னல் விட்டு விட்டு, படிப்படியாத்தான் இறங்குது. எங்க விழணும்ங்கிறது முடிவாகுறது கடைசி சில பத்து மீட்டர்லதான். அப்போ கீழ உயரமா நிக்கிறது எதுவோ, அதோட நுனியிலேர்ந்து ஒரு கீற்று மேல கிளம்பி அதைத் தொடும். வெட்டவெளியில அது பெரும்பாலும் தென்னை, பனை, இல்லன்னா டவர். ஒருதடவ விழுந்த இடத்துல மறுபடி விழாதுன்னு சொல்றத நம்பாதீங்க. நியூயார்க் எம்பயர் ஸ்டேட் கட்டடத்துல வருஷத்துக்கு சுமார் 20 தடவ விழுது.

[காட்சி: தண்டு, கிட்டத்துல]

பட்டை நெட்டுக்குத்தா வெடிச்சு, செம்பழுப்பா நீர் வடியுது பாருங்க. உள்ள இருந்த ஈரம் கண் இமைக்கிறதுக்குள்ள ஆவியான வெடிப்பு இது. தென்னைக்கு இருக்கிறது ஒரே குருத்து. அது வெந்தா மரம் போச்சு. பக்கத்து மரங்களும் சில வாரத்துல வட்டமா வாடலாம். அத நோய்னு நெனச்சு மருந்துக்குக் காசு செலவழிக்கிறவங்க உண்டு.

இப்ப மாடு. மரத்துல இறங்குன மின்சாரம் மண்ணுல நாலாபக்கமும் பரவுது. மரத்தடியில வோல்டேஜ் அதிகம், தள்ளிப் போகப் போக குறைவு. மாட்டோட முன்னங்காலும் பின்னங்காலும் அஞ்சடி இடைவெளியில இருக்கு. அந்த வோல்டேஜ் வித்தியாசம் நெஞ்சு வழியா ஓடுது. ஒட்டி நிக்கிற மனுஷனோட ரெண்டு காலுக்கு நடுவுல அந்த வித்தியாசம் ரொம்பக் கம்மி. அதனாலதான் அதே இடத்துல ஆள் பிழைச்சு மாடு சாகுது. 2016 ஆகஸ்ட்ல நார்வே மலைமேட்டுல 323 ரெயின்டீர் மான்கள் இடியில மொத்தமா செத்துக் கிடந்தது.

செத்த மாட்டுல பல நேரம் காயமே தெரியாது. வாயில பாதி மென்ன புல்லு அப்படியே இருக்கும். கால்நடை மருத்துவருக்கு அது முக்கியமான தடயம். இழப்பீடோ இன்சூரன்ஸோ கேக்கணும்னா அவர் வந்து பாக்கிறதுக்கு முன்னாடி புதைச்சிடாதீங்க. கம்பி வேலியோரம் வரிசையா கிடந்தா, வேலியில விழுந்து கம்பி வழியா ஓடியிருக்கு.

மோட்டாருக்குப் பக்கத்துல இடி விழணும்னே அவசியமில்ல. தூரத்துல கரண்டு லைன்ல விழுந்தாலும் கம்பி வழியா ஸ்டார்ட்டர் பெட்டிக்குள்ள வந்துடும். "எம்.சி.பி. இருக்கே"ம்பாங்க. கரண்டு எகிறினா தானா ஆஃப் ஆகுற சுவிட்ச் அது. ஆனா அது ஆஃப் ஆகுறதுக்கு மில்லி செகண்ட் கணக்குல நேரம் வேணும். மின்னல் மைக்ரோ செகண்ட்ல மோட்டாரக் காலி பண்ணிடும். மேகம் திரளும்போதே பியூஸ் கட்டையப் பிடுங்கிடுங்க. இடி கேக்க ஆரம்பிச்ச பிறகு பெட்டிகிட்டயே போகாதீங்க.

கோயில் கலசத்து வரகு ஊரையே இடியிலேர்ந்து காப்பாத்தும்னு வாட்ஸ்அப்ல சுத்துது. தானியத்துக்கு அந்த சக்தி கிடையாது. உச்சியிலேர்ந்து மண்ணுக்குள்ள வரைக்கும் அறுபடாத கம்பி இறங்கி, எர்த் நல்லா இருந்தாத்தான் அது இடிதாங்கி. அதுவும் கட்டடத்தத்தான் காக்கும், லைன் வழியா வர்றத தடுக்காது.

மின்னல் பாத்து சத்தம் கேக்க மூணு செகண்ட் ஆனா, ஒரு கிலோமீட்டர் தூரம். ஆனா சத்தம் காதுல விழுந்தாலே உங்களுக்கும் விழலாம்னு அர்த்தம். மரத்தடியும் திறந்த கொட்டகையும் வேணாம், கான்கிரீட் வீட்டுக்குள்ள போங்க. கடைசி இடி கேட்டு 30 நிமிஷம் கழிச்சுத்தான் தோப்புல கால் வைக்கணும்.