வணிகம் படிப்பவருக்கு லேப்டாப்: பிராசசரை அப்புறம் பார்க்கலாம்

[திரையில்: பல தாள்கள் திறந்திருக்கும் ஒரு எக்செல் கோப்பு]

வணக்கம். கணக்கியல், நிதி, மேலாண்மை படிக்கப் போகிறவருக்கு லேப்டாப் வாங்குவதென்றால், முதல் வேலை கடைக்குப் போவதல்ல. பாடத்திட்டத்தில் என்னென்ன மென்பொருள் இருக்கிறது, ஆன்லைன் தேர்வுக்கு எந்தச் செயலி என்று துறையில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பாதி முடிவு அங்கேயே ஆகிவிடும்.

ஏனென்றால், தரவை அலசி அறிக்கை தயாரிக்கும் பவர் பிஐ டெஸ்க்டாப் விண்டோஸில் மட்டும்தான் ஓடும். தரவுத்தள மென்பொருளான ஆக்சஸும் அப்படியே. மேக்கில் எக்செல் உண்டு, அதன் துணைக் கருவிகளான சால்வரும் அனாலிசிஸ் டூல்பேக்கும் அதில் வேலை செய்யும். ஆனால் பெரிய தரவை அலசும் பவர் பிவட் கிடையாது. குரோம்புக்கில் பிரவுசர் வழி எக்செல்தான், அதில் விபிஏ மேக்ரோ (எக்செல் வேலையைத் தானாகச் செய்யவைக்கும் நிரல்) ஓடாது. இன்டெல், ஏஎம்டியிலிருந்து வேறு வகையான ஸ்னாப்டிராகன் சிப் உள்ள விண்டோஸ் லேப்டாப்களில் ஆபீஸ் நன்றாகவே ஓடுகிறது, பேட்டரியும் நிற்கிறது. தேர்வுச் செயலி அதில் ஓடுமா என்பதை மட்டும் முன்பே உறுதி செய்யுங்கள். தேர்வு நாளன்று தெரியவந்தால் மாற்று வழி இருக்காது. பாடத்திட்டம் தெளிவாக இல்லையென்றால் இன்டெல் அல்லது ஏஎம்டி சிப்போடு விண்டோஸ் 11 வாங்குவதே பாதுகாப்பு.

[திரையில்: டாஸ்க் மேனேஜர், மெமரி பக்கம்]

அடுத்து ரேம். பணத்தை இங்கே போடுங்கள். எக்செல் தாள் ஒன்றில் 10,48,576 வரிசைதான் அடங்கும். அதைத் தாண்டிய தரவை எக்செல்லின் உள் தரவுக் கிடங்கான டேட்டா மாடலில் ஏற்றும்போது அது முழுக்க ரேமில் உட்காரும். பக்கத்தில் வீடியோ வகுப்பு, இருபது பிரவுசர் டேப். 8 ஜிபி ரேம் நிரம்பியதும் விண்டோஸ் மிச்சத்தை, ரேமைவிட வேகம் குறைந்த சேமிப்பகமான எஸ்எஸ்டிக்குத் தள்ளும். அப்போதுதான் "நாட் ரெஸ்பாண்டிங்" வருகிறது. பிராசசரைக் குறை சொல்லிப் பயனில்லை. 16 ஜிபி வாங்குங்கள்.

8 ஜிபி வாங்கிவிட்டுப் பிறகு கூட்டிக்கொள்ளலாம் என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கடையிலேயே கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். பெர்ஃபார்மன்ஸில் மெமரியைத் தொட்டு, "ஃபார்ம் ஃபேக்டர்" வரியைப் பாருங்கள். "ரோ ஆஃப் சிப்ஸ்" என்று இருந்தால் ரேம் போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டது. அதைக் கழற்றி மாற்ற முடியாது. "எஸ்ஓடிஐஎம்எம்" (கழற்றி மாட்டும் ரேம் ஸ்டிக்) என்றிருந்து, "ஸ்லாட்ஸ் யூஸ்டு" இரண்டில் ஒன்று என்று காட்டினால், இன்னொரு ஸ்டிக் போட இடம் இருக்கிறது.

எஸ்எஸ்டி 512 ஜிபி, வேகமான என்விஎம்இ வகை. 64 ஜிபி ஈஎம்எம்சி (மெதுவான, மலிவான சேமிப்பகம்) உள்ள மாடல்களைத் தொடவே வேண்டாம். விண்டோஸ் அப்டேட்டுக்கே இடம் போதாமல் திணறும்.

பிராசசர்? சமீபத்திய இன்டெல் கோர் 5, அல்ட்ரா 5, ரைசன் 5, எதுவும் தாராளம். ரைசன் 7000 வரிசையில் மட்டும் மூன்றாவது இலக்கத்தைப் பாருங்கள். சிப்பின் வடிவமைப்புத் தலைமுறையை (ஜென்) அதுதான் காட்டும். 7520யு பழைய ஜென் 2, நான்கு கோர். 7530யு ஜென் 3, ஆறு கோர். பெட்டியின் மேல் இரண்டும் "ரைசன் 5" தான். தனி கிராஃபிக்ஸ் கார்டு எக்செல்லுக்கு ஒன்றும் செய்யாது. எடையைக் கூட்டும், பேட்டரியைக் குடிக்கும்.

[திரையில்: ஒரே தாள், 16:9 திரையிலும் 16:10 திரையிலும்]

திரையைக் கடையில் நேரில் பார்த்தே வாங்க வேண்டும். 1920 × 1080-க்குப் (16:9) பதில் 1920 × 1200 (16:10) எடுத்தால், அதே எக்செல் தாளில் நாலைந்து வரிசை கூடுதலாகத் தெரியும். நாள் முழுக்க மேலும் கீழும் உருட்டுகிறவருக்கு அது பெரிய நிம்மதி. பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் மாறாத ஐபிஎஸ் பேனல், குறைந்தது 300 நிட்ஸ் வெளிச்சம் இருக்கட்டும். விவரத்தாளில் திரையின் நிற வீச்சு "45% என்டிஎஸ்சி" என்று இருந்தால் நிறம் வெளுத்துத் தெரியும். சார்ட்டில் பக்கத்துப் பக்கத்து நிறங்களைப் பிரித்தறிவது சிரமம்.

எண் விசைப்பலகை வேண்டுமென்றால் 15.6 அங்குலத்துக்குப் போக வேண்டியிருக்கும். தினமும் சுமப்பவருக்கு 14 அங்குலமும் தனி யுஎஸ்பி நம்பர் பேடும் வசதி.

டைப்-சி போர்ட் இருந்தாலே சார்ஜ் ஏறும் என்று நினைக்காதீர்கள். விவரத்தாளில் "பவர் டெலிவரி" என்று போட்டிருக்க வேண்டும். பேட்டரி 50 வாட்-ஹவருக்கு மேல் இருப்பது நல்லது. புரொஜெக்டருக்கு ஹெச்டிஎம்ஐ போர்ட் உண்டா என்றும் பாருங்கள்.

பழைய லேப்டாப் வாங்குகிறவர்களுக்கு: விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. இன்டெல் என்றால் 8-ஆம் தலைமுறைக்கு முந்தையது வேண்டாம். விண்டோஸ் 11 அதை முறைப்படி ஏற்காது. பணம் கொடுக்கும் முன் விண்டோஸின் பேட்டரி ரிப்போர்ட்டை எடுக்கச் சொல்லுங்கள். அதில் "டிசைன் கெப்பாசிட்டி", "ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி" என்று இரண்டு எண் இருக்கும்: புதிதில் பேட்டரி தாங்கியது, இப்போது தாங்குவது. முதல் எண் 50,000, இரண்டாவது 30,000 என்றால் பேட்டரியில் 60 சதவீதம்தான் மிச்சம். புது பேட்டரி என்ன விலை என்று விசாரித்து, அதைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.