போலீஸும் தடுக்கல, கோர்ட்டும் தடுக்கல: காப் கில்லர் பாட்டு எப்படி காணாம போச்சு?

(திரையில்: பெரிய ஹோட்டல் ஹால், வரிசை வரிசையா நாற்காலி)

வணக்கம் மக்களே. 1992 ஜூலை 16, அமெரிக்காவுல பெவர்லி ஹில்ஸ். டைம் வார்னர் கம்பெனியோட வருடாந்திர ஷேர்ஹோல்டர்ஸ் மீட்டிங் நடக்குது. லாபம் எவ்ளோ, கடன் எவ்ளோ, டிவிடெண்ட் எவ்ளோன்னு பேசி கொட்டாவி விடுற மாதிரியான மீட்டிங் தான். அதுல ஒரு பெரியவர் எழுந்து மைக் கிட்ட வர்றாரு. யாருன்னு பாத்தா சார்ல்டன் ஹெஸ்டன். டென் கமாண்ட்மெண்ட்ஸ் படத்துல மோசஸா நடிச்சாரே, பென்ஹர் ஹீரோ, அவரே தான். அவரும் அந்த கம்பெனில ஷேர் வச்சிருக்காரு, அதனால பேச உரிமை இருக்கு. கையில ஒரு பேப்பர எடுத்துக்கிட்டு அந்த கணீர் குரல்ல படிக்க ஆரம்பிக்கிறாரு. என்ன படிச்சாருன்னா போலீஸ சுட்டுக் கொல்லப் போறேன்னு ஒருத்தன் கத்துற ஒரு மெட்டல் (ராக்லயே ரொம்ப கனமான வகை) பாட்டோட வரிங்கள, கெட்ட வார்த்தை ஒண்ணு விடாம. அது பத்தாதுன்னு அதே ஆல்பத்துல இருந்து இன்னொரு பாட்டு, அதுல அரசியல்வாதி அல் கோரோட சம்சாரம் டிப்பர் கோரோட குடும்பத்த இழுத்து அசிங்கமா ஒரு வரி வரும், அதையும் படிச்சாரு. ஹால்ல ஒருத்தர் கூட மூச்சு விடல.

அதுக்கப்புறம் பன்னெண்டே நாள். ஜூலை 28ஆம் தேதி பாட்டு ஆல்பத்துலேந்து போயிருச்சு.

பாட்டு பேரு காப் கில்லர், அதாவது போலீஸ கொல்றவன், பேண்ட் பேரு பாடி கவுண்ட், ஆல்பத்த போட்டது டைம் வார்னர் குடும்பத்து லேபிள். இந்தக் கதைய பொதுவா கருத்து சுதந்திரம் வெர்சஸ் சென்சார்னு சொல்லிட்டு முடிச்சிருவாங்க. எனக்கு அது பாதிக் கதையா தான் தோணுது, ஏன்னா இந்தப் பாட்ட எந்த அமெரிக்க கோர்ட்டும் தடை பண்ணல, எந்த சட்டமும் தொடல. அத காலி பண்ணது பங்குச்சந்தை கணக்கு. வாங்க முதல்லேந்து பாப்போம்.

(திரையில்: லாஸ் ஏஞ்சலஸ் மேப், சவுத் சென்ட்ரல் ஏரியா)

ஐஸ்-டி அப்ப பெரிய ராப்பர். லாஸ் ஏஞ்சலஸ்ல கிரென்ஷா ஹைஸ்கூல்ல படிச்ச ஆளு, கேங்ஸ்டா ராப்போட ஆரம்பகட்ட ஆளுங்கள்ல ஒருத்தர். ஆனா அவருக்கு பிளாக் சபாத், ஸ்லேயர், சூசைடல் டெண்டன்சீஸ் மாதிரி மெட்டல் பேண்டுங்கன்னா உயிரு. ஸ்கூல் ஏரியா ஃப்ரெண்டு எர்னி சி சூப்பரா கிட்டார் வாசிப்பாரு. இவங்க ரெண்டு பேரும், கூட டி-ராக், மூஸ்மேன், டிரம்ஸுக்கு பீட்மாஸ்டர் வி, எல்லாரும் கருப்பினத்தவங்க, சேந்து 1990ல ஒரு மெட்டல் பேண்ட் ஆரம்பிக்கிறாங்க. அன்னைக்கு மெட்டல்னா வெள்ளைக்கார பசங்க, நீளமான முடின்னு தான் கணக்கு, லிவிங் கலர், பேட் பிரைன்ஸ் மாதிரி விரல் விட்டு எண்ணுற ஆளுங்க தான் விதிவிலக்கு.

பாட்டு பிறந்த விதம் ரொம்ப சாதாரணம். டாக்கிங் ஹெட்ஸ் பேண்டோட சைக்கோ கில்லர்னு ஒரு பழைய பாட்டு இருக்கு, அத ஐஸ்-டி ஒருநாள் சும்மா முணுமுணுத்துட்டு இருக்காரு, அத கேட்ட பீட்மாஸ்டர் வி, நமக்கு சைக்கோ கில்லர் எதுக்கு, காப் கில்லர் ஒண்ணு தான் வேணும்ங்குற மாதிரி ஒரு வார்த்தைய விட்டாரு. அவ்ளோ தான், பொறி பத்திக்கிச்சு.

பாட்டு ஒரு கேரக்டரோட வாயால போகுது. போலீஸ் அடி, போலீஸ் கொடுமை எல்லாம் பாத்து பாத்து ஒருத்தனுக்கு மண்டை வெடிச்சிருச்சு. கருப்பு சட்டை, கருப்பு கிளவுஸ், முகத்துக்கு ஸ்கி மாஸ்க் மாட்டிக்கிட்டு, ஹெட்லைட்ட ஆஃப் பண்ணிட்டு கார்ல கிளம்புறான். ரிஃப் ரொம்ப சிம்பிள், பங்க் வேகம், கோரஸ் கூட்டத்தோட சேந்து கத்துறதுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும். மியூசிக்கா மட்டும் பாத்தா, உண்மைய சொல்லணும்னா, அந்த ஆல்பத்துல இத விட நல்ல பாட்டு இருக்கு. ஆனா இதுல ஒரு இடம் வரும், செத்த போலீஸ்காரனோட வீட்ல அழுவாங்கன்னு எனக்கு தெரியும், தெரிஞ்சே சொல்றேன் அவங்கள பத்தி எனக்கு கவலை இல்லன்னு. போலீஸ் குடும்பங்கள குத்துனது அந்த இடம் தான், அவங்க கோவத்த வெறும் நடிப்புன்னு தள்ளிட முடியாது, டெக்சாஸ்ல ஒரு போலீஸ்காரரோட மனைவி அந்த வரிய கேட்டா எப்படி இருக்கும்னு நீங்களே யோசிங்க.

1991ல லோலாபலூசாங்குற ராக் கச்சேரி டூர்ல ஐஸ்-டி பாதி நேரம் ராப், மீதி நேரம் பாடி கவுண்ட்னு வாசிச்சாரு. ஊர் ஊரா இந்தப் பாட்டு ஓடுச்சு, வெள்ளைக்கார ராக் பசங்க குதிச்சு குதிச்சு கத்துனாங்க. எதிர்த்து ஒருத்தரும் வாய தொறக்கல.

(திரையில்: கேம்கார்டர் வீடியோவோட கலங்கலான ஃப்ரேம்)

இதுக்கு நடுவுல 1991 மார்ச் 3, ரோட்னி கிங்ங்குற கருப்பின டிரைவர லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ் நடு ராத்திரி ரோட்டுல போட்டு அடிக்கிறாங்க, பக்கத்து பில்டிங் பால்கனிலேந்து ஒருத்தர் அத வீடியோ எடுத்துட்டாரு. நாடே பாத்துச்சு. பாடி கவுண்ட் ஆல்பம் 1992 மார்ச்ல வருது, அதுல காப் கில்லர் தான் கடைசி பாட்டு, ரோட்னி கிங் பேரும் அன்னைக்கு போலீஸ் சீஃபா இருந்த டேரில் கேட்ஸ் பேரும் பாட்டுலயே வரும். ஏப்ரல் 29ஆம் தேதி தீர்ப்பு வருது, அடிச்ச போலீஸ்காரங்கள ஜூரி விட்டுருச்சு. ஊரு பத்தி எரிஞ்சுது. 60க்கும் மேல உயிர் போச்சு, சேதம் மட்டும் சுமாரா 100 கோடி டாலர்.

கவனிங்க, அப்பவும் இந்தப் பாட்டு பெரிய பிரச்சனை ஆகல. ஜூன் மாசம் டெக்சாஸ் மாநில போலீஸ் சங்கங்களோட கூட்டமைப்பு ஒண்ணு, கிளீட்னு சுருக்கமா சொல்லுவாங்க, அவங்க தான் கொளுத்தி போட்டாங்க. ரொம்ப புத்திசாலித்தனமான வேலை அது. பாட்ட தடை பண்ணுங்கன்னு கோர்ட்டுக்கு போனா நிக்காதுன்னு அவங்களுக்கு தெரியும், பேச்சுரிமைய காக்குற அமெரிக்க அரசியல் சட்டத்தோட முதல் திருத்தம் குறுக்க நிக்கும். ஆனா முதல் திருத்தம் அரசாங்கத்த தான் கட்டிப்போடும், கஸ்டமர கட்டிப்போடாது. அதனால அவங்க சொன்னது, டைம் வார்னரோட எந்தப் பொருளையும் வாங்காதீங்க. டைம் வார்னர்னா சும்மாவா, டைம் மேகசின், எச்பிஓ, வார்னர் பிரதர்ஸ் ஸ்டுடியோ, சிக்ஸ் ஃபிளாக்ஸ் தீம் பார்க்ல பங்கு, அந்த ஜூன்ல தான் பேட்மேன் ரிட்டர்ன்ஸ் வேற தியேட்டருக்கு வருது. அதோட நிறுத்தல, போலீஸ் பென்ஷன் ஃபண்டுல இருக்குற டைம் வார்னர் ஷேரையெல்லாம் வித்துருவோம்னு மிரட்டல். 1990ல தான் டைமும் வார்னரும் ஒண்ணா சேந்து கழுத்து வரைக்கும் கடன்ல நின்னுட்டு இருக்கு, அந்த நேரத்துல ஷேர்ல கைய வச்சா வலிக்காதா.

அது தேர்தல் வருஷம் வேற. துணை ஜனாதிபதி டேன் குவேல் திட்டுனாரு, ஜனாதிபதி புஷ் போலீஸ கொல்றத பெருமையா காட்டுறவங்கள கண்டிச்சாரு, காங்கிரஸ் உறுப்பினர்கள் 60 பேர் சேந்து கம்பெனிக்கு கடுதாசி போட்டாங்க. ஆயிரத்துக்கும் மேல கடைங்க ஆல்பத்த ஷெல்ஃப்லேந்து எடுத்துட்டாங்க. கம்பெனியும் முன்னாடி சும்மா இருக்காம ஆல்பத்தோட ப்ரோமோ காப்பிங்கள பொணம் சுத்துற பை மாதிரி குட்டி கருப்பு பையில போட்டு அனுப்பி வச்சிருந்துச்சு, மார்க்கெட்டிங் பண்றவங்களுக்கு அது அன்னைக்கு செம ஐடியாவா தெரிஞ்சிருக்கும் போல.

எல்லா போலீஸும் ஒரே பக்கம்னு நெனைச்சிராதீங்க. கருப்பின போலீஸ்காரங்களோட தேசிய சங்கம் இந்த பாய்காட்டுக்கு சேர மாட்டோம்னு சொல்லிருச்சு, பாட்டு பேசுற விஷயம் நெஜம் தானேங்குறது அவங்க நிலைப்பாடு.

இப்ப எனக்கு ரொம்ப சுவாரசியமா படுற இடம். அந்த ரெண்டு மாசத்து டிவி, பேப்பர் எல்லாத்தையும் பாத்தா, ஆளாளுக்கு இத ராப் பாட்டுன்னு தான் சொல்றாங்க. ஐஸ்-டி கத்தி கத்தி சொல்றாரு, இது ராக் பாட்டு, இதுல ராப்பே இல்லன்னு. எவனும் கேக்கல. டிஸ்டார்ஷன் போட்ட கிட்டார், டபுள் ஸ்பீடு டிரம்ஸ், ராப்ல ரெக்கார்ட தேய்க்குற ஸ்கிராட்ச் சத்தம் ஒண்ணு கூட கிடையாது, ஆனா பாடுறவன் கருப்பா இருந்தா அது ராப். 1989ல என்டபிள்யூஏங்குற ராப் குரூப்போட போலீஸ் பாட்டுக்கு எஃப்பிஐ அதிகாரி ஒருத்தரே கண்டிச்சு லெட்டர் போட்டிருந்தாரு, அதனால ராப்னாலே பயம்ங்குற மூடு ஏற்கனவே இருந்துச்சு, அந்த பயத்துல இத கொண்டு போய் கோத்து விட்டது ஈசியா போச்சு. எரிக் கிளாப்டன் ஷெரிஃப சுட்டேன்னு பாடி 1974ல நம்பர் ஒன் அடிச்சாரு, அத ஒரு கேரக்டர் பாடுறதுன்னு எல்லாருக்கும் புரிஞ்சுது. ரெண்டு பாட்டும் ஒண்ணு இல்ல தான், காப் கில்லர் பல மடங்கு கொடூரம், சம்பவம் வேற சூடா இருந்த நேரம், ஆனாலும் பாடுறவன் வேற, கேரக்டர் வேறங்குற அந்த சலுகை இவங்களுக்கு கிடைக்கவே இல்ல. இதே பேண்டுக்கு 2021ல கிராமி குடுத்தாங்க, எந்த பிரிவுல தெரியுமா, பெஸ்ட் மெட்டல் பெர்ஃபார்மன்ஸ்.

சரி, கம்பெனி என்ன பண்ணுச்சு? முதல்ல நின்னாங்க, அத மறைக்கக் கூடாது. தலைமைல இருந்த ஜெரால்ட் லெவின் வால் ஸ்ட்ரீட் ஜர்னல்லயே கட்டுரை எழுதி ஐஸ்-டிய ஆதரிச்சாரு. ஆனா ஹெஸ்டன் மீட்டிங்குக்கு அப்புறம் காத்து மாறிருச்சு. ஹெஸ்டனே 1999ல ஹார்வர்ட்ல பேசும்போது, இனிமே வார்னர்ஸ் எனக்கு படம் தர மாட்டாங்க, டைம் மேகசின்ல நல்ல விமர்சனமும் வராதுன்னு நக்கலா சொன்னாரு. அப்ப அவரு துப்பாக்கி வச்சிருக்குறவங்களோட சங்கமான என்ஆர்ஏ தலைவர். அத பத்தி நான் எதுவும் சொல்லல, நீங்களே பாத்துக்கோங்க.

வார்னர் ஆஃபீசுக்கு வெடிகுண்டு மிரட்டல், ஊழியர்களுக்கு கொலை மிரட்டல்னு போக, ஜூலை 28 பிரஸ் மீட்ல ஐஸ்-டி, பாட்ட நானே எடுத்துக்குறேன், கச்சேரிக்கு வர்றவங்களுக்கு ஃப்ரீயா தர்றேன்னு அறிவிச்சாரு. கம்பெனி எடுக்கச் சொல்லல, அவரா தான் எடுத்தாருங்குறது ரெண்டு பக்கமும் சொன்ன கதை. அடுத்த வருஷம் ஜனவரிலயே அவரும் வார்னரும் பிரிஞ்சாச்சு, அவரோட ஹோம் இன்வேஷன் ஆல்பம் ப்ரையாரிட்டி லேபிள்ல வந்துச்சு.

அடி அவரோட நிக்கல. பாரிஸ்னு ஒரு ராப்பர், ஜனாதிபதி புஷ்ஷ குறி வச்சு ஒரு பாட்டு வச்சிருந்தாரு, அந்த ஆல்பத்த வார்னர் குடும்பத்து லேபிள் வெளியிட மறுத்துருச்சு, அவரே சொந்தமா போட்டாரு. 1995ல ராப் எதிர்ப்பு திரும்ப கெளம்பினப்போ டைம் வார்னர் ராப் ஆல்பங்கள் போட்ட இன்டர்ஸ்கோப் லேபிள்ல இருந்த தன்னோட பாதிப் பங்கையே வித்துட்டு வெளில வந்துருச்சு. பாட்டோட தைரியத்த முடிவு பண்றது அந்த லேபிளுக்கு மேல உக்காந்திருக்குற கம்பெனி தான்னு இன்டஸ்ட்ரிக்கே அப்ப புரிஞ்சிருச்சு. நியூசிலாந்துல மட்டும் இது சட்டம் வரைக்கும் போச்சு, அங்க போலீஸ் புகார் பண்ணி அதுக்கான தீர்ப்பாயம் விசாரிச்சு, பாட்டு ஆபாசம் இல்லன்னு விட்டுட்டாங்க.

காமெடி என்னன்னா, 1991லயே நியூ ஜாக் சிட்டி படத்துல ஐஸ்-டி போலீஸா நடிச்சிட்டாரு, பாட்டு சர்ச்சைக்கு முன்னாடியே. 2000த்துலேந்து லா அண்ட் ஆர்டர் எஸ்வியூ சீரியல்ல ஃபின் டுடுவோலாங்குற போலீஸ் டிடெக்டிவ், இன்னைக்கு பாதி அமெரிக்காவுக்கு அவர போலீஸா தான் தெரியும்.

(திரையில்: ரெண்டு சிடி கவர் பக்கத்துல பக்கத்துல)

கடைசியா கலெக்டர்ஸுக்கு ஒரு விஷயம். இப்ப ஸ்ட்ரீமிங்ல அந்த ஆல்பத்த தேடினா காப் கில்லர் இருக்காது, கச்சேரில வாசிச்ச லைவ் வெர்ஷன் தான் மாட்டும். ஆல்பத்துல அந்தப் பாட்டு இருந்த இடத்துல ஃப்ரீடம் ஆஃப் ஸ்பீச்னு பங்க் பாடகர் ஜெல்லோ பியாஃப்ராவோட குரல் வர்ற பாட்டு உக்காந்திருக்கும். பழைய சிடி கைக்கு வந்தா கவர்ல வரைஞ்சிருக்குற ஆளோட நெஞ்ச பாருங்க, காப் கில்லர்னு பச்சை குத்தியிருந்தா அது முதல் பிரெஸ், அதாவது முதல்ல அடிச்ச காப்பி, பாடி கவுண்ட்னு இருந்தா பின்னாடி மாத்துனது. விக்கிறவன் முதல் பிரெஸ்னு சொல்லி காசு கேட்டா பின்பக்கம் திருப்பி பாட்டு லிஸ்டையும் ஒரு தடவ பாத்துட்டு பேரம் பேசுங்க.