நாலரை மணிக்குப் பூட்டும் கேட்

(நாகர்கோவில் பக்கத்துப் பள்ளி ஒன்றின் ஆண்டு விழாவில் பேசியது)

தலைமை ஆசிரியை அவர்களே, பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் அவர்களே, பரிசுக் கோப்பைகளை வாங்கித் தந்த முன்னாள் மாணவர் சங்கச் செயலாளர் அவர்களே, சாரல் மழையிலும் குடையோடு நிற்கும் தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம். எனக்குப் பொன்னாடை போர்த்திய உடற்கல்வி ஆசிரியருக்குத் தனி வணக்கம். நியாயமாக அந்தப் பொன்னாடை அவருக்குப் போயிருக்க வேண்டும்.

கண், தூக்கம், கால் என்று மூன்றைப் பற்றிப் பேச வந்தேன். பகல் வெளிச்சத்தில் விளையாடும் பிள்ளைக்குக் கிட்டப்பார்வை வரும் வாய்ப்பு குறைவு என்கிறார்கள் கண் மருத்துவர்கள். கண்ணுக்கு அது போதும். காலுக்கு வருகிறேன்.

‘ஓடுகிற பாம்பை மிதிக்கிற வயசு’ என்போம். 5 முதல் 17 வயது வரை தினம் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்க ஆடி ஓட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2016ஆம் ஆண்டுக் கணக்குப்படி, உலகில் 11 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 81 சதவீதம் பேர் அந்த அளவுக்கு ஓடவில்லை. பெண் பிள்ளைகளில் 85 சதவீதம்.

கோடை விடுமுறைக்கு மார்த்தாண்டத்திலிருந்து என் பேரன் வந்திருந்தான். ஆறாம் வகுப்பு. திண்ணையில் உட்கார்ந்து போனில் கிரிக்கெட். ஒரே ஓவரில் ஐந்து சிக்ஸர்! “மக்களே, குளத்துக்குப் போவோமா?” என்றேன். “சார்ஜ் தீரட்டும் பாட்டா, வாறேன்” என்றான். தீர்ந்தது, கிளம்பினோம். வாழைத்தோட்டம் தாண்டிக் குளத்தங்கரை மேட்டில் பாதி ஏறியதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். நெற்றி முழுக்க வியர்வை. தலையில் புல்லுக்கட்டோடு, எழுபதைத் தாண்டிய ஒரு அம்மா விறுவிறுவென்று இறங்கி வந்தார். அவனைப் பார்த்து நின்று, “பிள்ளைக்குச் சொகமில்லியா?” என்று கேட்டார். ஓடுகிற பாம்பை மிதிக்கிற வயசு அவனுக்கு!

அன்று ராத்திரி அவனைத் திட்டினேன். அவன் அழவில்லை. “போனை வச்சிட்டு எங்க போக பாட்டா? ஸ்கூல் கிரவுண்டைப் பூட்டிடுறாங்க. ரோட்டுல பைக் வருது” என்றான். என்னிடம் பதில் இல்லை.

நாம் பிள்ளையைத்தான் குறை சொல்கிறோம். தூத்தூர் கடற்கரைப் பக்கம் சாயங்காலம் போய்ப் பாருங்கள். மணலில் கால்பந்து பறக்கும். அந்தப் பிள்ளைகள் வீட்டிலும் போன் இருக்கிறது. ஆனால் கடற்கரைக்குக் கேட் கிடையாது. இங்கே நாலரைக்குக் கேட்டில் பூட்டு விழுகிறது, நாலே முக்காலுக்குப் பிள்ளை கையில் போன் ஏறுகிறது. ஓடுகிற பாம்பை மிதிக்கிற வயசில் ஓட இடம் வேண்டாமா? அடிமுறை என்ற தற்காப்புக் கலையும் சிலம்பமும் விளைந்த மண் இது.

தூக்கத்தைப் பற்றிப் பேச நேரமில்லை, மணி அடித்துவிட்டார்கள். சரி, ஒரே கோரிக்கை. மைதானத்தை ஆறரை வரை திறந்து வையுங்கள். யார் பார்த்துக்கொள்வது என்று தலைமை ஆசிரியை கேட்பது நியாயம். ஓய்வுபெற்ற நாங்கள் நாலு பேர் முறைவைத்து நிற்கிறோம். ஆறரைக்குப் பூட்டி, சாவியை வாட்ச்மேன் கையில் கொடுத்துவிட்டுப் போகிறோம். மனு வாசல் மேசையில் இருக்கிறது, பெற்றோர் எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.