டைல்ஸைக் குப்புறப் போட்டுப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். ஆடி முடிந்து ஆவணி பிறந்தால் மதுரைப் பக்கம் கிரகப்பிரவேசங்கள் தொடங்கிவிடும். ஒத்தக்கடை, ஊமச்சிகுளம், திருநகர் என்று எங்கே போனாலும் பூச்சு வேலை முடிந்து தரைக்குக் காத்திருக்கும் வீடுகள். நாள் குறித்த பிறகு டைல்ஸ் கடைக்கு ஓடுகிறோம். அங்கே கல்லைச் சாய்த்து வைத்து, மேலே நாலு விளக்கைப் போட்டு, ஈரத்துணியால் ஒரு துடை துடைத்து, சதுர அடி இவ்வளவு என்கிறார்கள். அந்த வெளிச்சத்தில் எந்தக் கல்தான் அழகாக இருக்காது? நான் வீட்டு வேலைகளை மேற்பார்வை பார்க்கிறவன். கடைக்குப் போனால் முதலில் கல்லைக் குப்புறப் போடச் சொல்வேன்.

போர்சலின் கல் என்பது களிமண், ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் பொடிகளை அழுத்தி, 1200 டிகிரி வாக்கில் சுட்டெடுப்பது. நம் கடைகளில் விட்ரிஃபைட் என்று விற்பது இந்த வகைதான். தன் எடையில் அரை சதவீதத்துக்கு மேல் அது தண்ணீர் குடிக்கக் கூடாது. சாதாரண செராமிக் தரைக்கல் 3 முதல் 6 சதவீதம் வரை குடிக்கும். சுவர்க்கல் 10 சதவீதத்துக்கும் மேலே போகும். முதுகில் ஒரு ஸ்பூன் தண்ணீரை விட்டுவிட்டு ஒரு டீ குடித்து வாருங்கள். பிறகு துடைத்துப் பாருங்கள். செராமிக் என்றால் கறுத்த ஈரத்திட்டு பரவியிருக்கும். போர்சலினில் துடைத்த இடம் அப்படியே இருக்கும். எது போர்சலின், எது இல்லை என்பதைத்தான் இது சொல்லும். இரண்டு போர்சலினில் எது உசத்தி என்று சொல்லாது. ஆனாலும் உப்புத் தண்ணீர் போர் உள்ள வீடுகளில் இந்த வித்தியாசமே பெரிய விஷயம்.

அடுத்து விளிம்பு. டபுள் சார்ஜ் கல்லில் மேலே 3, 4 மில்லிமீட்டருக்கு வேறு நிற மண் அடுக்கு தெரியும். ஜி.வி.டி. என்று சொல்வதில் படம் அச்சடித்து மெல்லிய மெருகு பூசியிருக்கும். டிசைன் மேலோடு சரி. ஆள் நடமாட்டம் அதிகமுள்ள கடை, கல்யாண மண்டபம் என்றால் டபுள் சார்ஜ் வாங்குங்கள். வீட்டுக்கு நல்ல ஜி.வி.டி. தாராளமாகப் போதும். பளபளப்பான கல் என்றால் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டு, கொஞ்ச நேரம் கழித்துத் துடைக்கச் சொல்லுங்கள். கோடு போகாவிட்டால் நாளைக்குச் சாம்பார் கறையும் போகாது. குளியலறைக்கும் போர்டிகோவுக்கும் பளபளப்பே வேண்டாம், மேட் மட்டும்தான். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

பெரிய கல்லில் வளைவு இருக்கும். இரண்டு கல்லை முகத்தோடு முகம் வைத்துப் பாருங்கள். நடுவிலோ ஓரத்திலோ இடைவெளி தெரிந்துவிடும். ஓரிரண்டு மாதிரிக் கல்லை நம்பாமல், குடோனிலிருந்து வரும் பெட்டியைப் பிரித்துச் சோதியுங்கள். நாலுக்கு இரண்டு கல்லைச் செங்கல் வரிசை மாதிரி பாதிக்குப் பாதி தள்ளி ஒட்டினால், ஒரு கல்லின் மேடான நடுவும் பக்கத்துக் கல்லின் தாழ்ந்த முனையும் சேர்ந்து காலில் இடறும். மூன்றில் ஒரு பங்கு தள்ளினால் போதும்.

சரி, விலைக்கு வருவோம். நாம் இரண்டுக்கு இரண்டு என்று சொல்லும் கல் உண்மையில் 600 மில்லிமீட்டர்தான், இரண்டு அடிக்குச் சற்றுக் குறைவு. நாலு கல் உள்ள பெட்டி 15.5 சதுர அடி. சிலர் அதை 16 என்று கணக்குப் போட்டு பில் எழுதுவார்கள். சதுர அடி 60 ரூபாய் என்றால் பெட்டிக்கு 30 ரூபாய் கூடுதல். 65 பெட்டிக்கு 1,950 ரூபாய். ஆகவே, பெட்டி விலையைக் கேட்டு 15.5 ஆல் வகுத்துப் பாருங்கள். அதில் ஜி.எஸ்.டி., லாரி வாடகை, இறக்குக் கூலி எல்லாம் அடக்கமா என்றும் கேளுங்கள். பெயர் பெற்ற கம்பெனிக் கல்லுக்குக் கூடுதல் விலை கொடுக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். நம் நாட்டு டைல்ஸில் பெரும்பகுதி குஜராத்தின் மோர்பியில்தான் தயாராகிறது. பெயர் பெற்ற கம்பெனிகள் பலவும் அங்கே செய்து வாங்குகின்றன. தரம் பிரிப்பது ஒழுங்காக இருக்கும், குறை வந்தால் கேட்க ஆள் இருக்கும் என்பதற்காகக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம். பெயருக்காக இரட்டை விலை கொடுக்க எனக்கு மனம் வராது.

ஒட்டும் செலவை மறந்துவிடாதீர்கள். தண்ணீர் குடிக்காத கல் சிமெண்ட் பாலையும் பிடிக்காது. கொத்தனார் பழைய பழக்கத்தில் சிமெண்டிலேயே ஒட்டிவிட்டால், சில மாதத்தில் தட்டும்போது பொக்கென்று சத்தம் வரும். டைல்ஸ் ஒட்டும் பசைக்குத் தனியாகப் பணம் ஒதுக்குங்கள். கல்லில் அஞ்சு ரூபாய் குறைத்துக்கொண்டாலும் பசையில் குறைக்காதீர்கள்.

ஆடித் தள்ளுபடியில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் மிச்சச் சரக்கு. ஒரு அறைக்குப் போதும் என்றால் தாராளமாக வாங்கலாம். வீடு முழுக்க என்றால், எல்லாப் பெட்டியிலும் பேட்ச் எண்ணும் ஷேடு எண்ணும் ஒன்றா என்று லாரியிலிருந்து இறக்கும்போதே பாருங்கள். ஒட்டிய பிறகு எந்தக் கடையும் திரும்ப எடுக்காது. சேதாரத்துக்கு நூற்றுக்குப் பத்து கூட்டி வாங்கி, மீதமாகும் ஒரு பெட்டியைப் பரணில் போட்டுவையுங்கள். அந்த ஷேடு அடுத்த வருடம் கிடைக்காது.

வணக்கம்.