லாட்ரப்பின் பெருமை கோப்பையில் இல்லை, கொடுத்த பந்தில்!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். டென்மார்க்கின் நடுக்கள வீரர் மைக்கேல் லாட்ரப்பின் பெருமைக்குக் காரணம் அவர் வென்ற கோப்பைகளா, கொடுத்த பாஸ்களா என்ற கேள்விக்கு, பாஸ்களே என்று வாதாட வந்திருக்கிறேன். பார்சிலோனாவுக்காக 1991 முதல் 1994 வரை நான்கு முறையும், மறு ஆண்டே ரியல் மாட்ரிட்டுக்காக ஒரு முறையும் என ஸ்பெயின் லீக்கைத் தொடர்ந்து ஐந்தாண்டுகள் வென்றவர் என்று எதிரணித் தலைவர் விரல்விட்டு எண்ணிக் காட்டினார். கணக்கு சரிதான், மறுக்கவில்லை.

அதே கணக்கை 1992-க்கும் போட்டுப் பார்ப்போமே! பயிற்சியாளர் ரிச்சர்ட் மோலர் நீல்சனோடு ஒத்துப்போகாமல் 1990-இலேயே தேசிய அணியை விட்டு விலகிய லாட்ரப், யூகோஸ்லாவியா நீக்கப்பட்டதால் டென்மார்க்குக்கு ஐரோப்பியக் கோப்பையில் கடைசி நேரத்தில் இடம் கிடைத்தபோதும் திரும்பி வரவில்லை. தம்பி பிரையன் போனார். கோதன்பர்க்கில் ஜெர்மனியை 2-0 என்று வீழ்த்திய அணியோடு கோப்பையும் கையுமாக வந்தார். கோப்பைதான் அளவுகோல் என்றால், அந்தத் தொடரில் ஒரு நிமிடம்கூட ஆடாத மாற்று கோல்கீப்பர் மைக்கேல் லாட்ரப்பை மிஞ்சிவிட்டார் என்றல்லவா ஆகும்? ஆனால் 2006-இல் டென்மார்க் கால்பந்துச் சங்கம் எக்காலத்திற்கும் சிறந்த தன் நாட்டு வீரர் என்று அறிவித்தது, அந்தக் கோப்பையைத் தொடாத இந்த மைக்கேலைத்தான்.

அந்தப் பாஸ் எப்படிப்பட்டது? பந்து காலில் இருக்கும். தலையும் தோளும் இடப்பக்கம் திரும்பும். எதிரில் நிற்கும் தடுப்பாட்டக்காரர் அந்தப் பார்வையை நம்பி ஓரடி நகர்வார். அதற்குள் பந்து வலப்பக்க இடைவெளியில் புகுந்து, ஓடி வரும் சக வீரரின் காலடியில் சேர்ந்திருக்கும். கண்ணால் பொய் சொல்லிக் காலால் உண்மை சொன்னவர் என்பேன்!

1994-இல் கிளப் அணிகளுக்கான ஐரோப்பியக் கோப்பையின் இறுதிப்போட்டியை எதிரணியினர் பேசாமல் தாண்டிப் போனது எனக்கு வியப்பில்லை. வெளிநாட்டு வீரர் மூவருக்கு மேல் கூடாது என்ற விதியால், பயிற்சியாளர் கிரைஃப் ரொமாரியோ, ஸ்டோய்ச்கோவ், கோமன் ஆகியோரை இறக்கி லாட்ரப்பை ஒதுக்கினார். லீக் கோப்பையை அப்போதுதான் வென்றிருந்த அதே பார்சிலோனா, மிலானிடம் 4-0 என்று தோற்றது. அன்று குறைந்தது கோப்பைக் கணக்கா, அந்தக் கால்களா? எதிரணியினர் பதில் சொல்லட்டும், நடுவர் அவர்களே.